ஆசிரியர் சமுகமளிக்கவில்லை

செப். 3, வியாழன்

சோளகக் காற்று, தென்மேற்கிலிருந்து. விடிந்ததிலிருந்து புழுதி. ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையை மூன்று தடவை துடைத்தும் எழுத்துத் தெரியவில்லை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் அடியோடு இறங்கிவிட்டதாம். வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது.

பின்னேரம் மன்றத்தின் தகர றங்குப் பெட்டி வந்து சேர்ந்தது. சபாரத்தினம் மாஸ்ரர் மாட்டுவண்டியில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு துண்டு: "எங்கள் எழுத்தாளர் மன்றத்துக்குப் பத்து வயது. மலர் போடுகிறோம். மன்ற வரலாற்றை நீங்கள்தான் எழுதவேண்டும். எட்டுப் பக்கம். மாத முடிவுக்குள்." தொடக்கத்திலிருந்து அவர் தலைவர், நான் செயலாளர். எழுத்து வடிவு என்பதற்காகத் தெரிவானவள்.

பெட்டிக்குள்:
கூட்டக் குறிப்பேடு மூன்று. முதலாவதின் ஓரம் கறையான்.
வரவு இடாப்பு, கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர் பதிவது.
போட்டிக்கு வந்த கதைகள், சணல் கயிற்றால் கட்டியபடி.
பரிசளிப்பு அன்று எடுத்த படம். கண்ணாடி வெடித்தது.
மன்ற முத்திரை. செத்த பல்லி ஒன்று.

அக்கா குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "உதுக்குள்ளை பாம்பு கிடந்தாலும் கிடக்கும். அறைக்குள்ளை வையாதை பிள்ளை." விறாந்தையில் வைத்திருக்கிறேன்.

நாளை: சுண்ணக்கட்டி கேட்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் எண்ணெய்.

செப். 4, வெள்ளி

காற்று விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன். முதலாவது ஏடு சிரிப்பாக இருக்கிறது. "யானை வந்தமையால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது." உண்மைதான். வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தது. மரபுக் கவிதை வாசித்துக்கொண்டிருந்த தபாலதிபர் எல்லோருக்கும் முதல் ஓடினார். தனியே சிரித்தேன். அக்கா "என்ன?" என்றாள். வாசித்துக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "யானை ஆரையும் அடிச்சதோ?"

இரண்டாவது ஏடு. வெள்ளம் வந்த ஆண்டு. ஆனி மாதக் கூட்டம், பரிசளிப்பு.

"சிறுகதைப் போட்டியில் முதலாவதாக வந்த கதையின் ஆசிரியர் சமுகமளிக்கவில்லை. ஆகவே அடுத்ததாக வந்த கதைக்கு முதற்பரிசு வழங்கப்பட்டது."

என் கையெழுத்து. ஒரு வெட்டு இல்லை, திருத்தம் இல்லை. மற்றப் பக்கங்களின் மை மங்கிவிட்டது. இது மங்கவில்லை. அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது.

ஏட்டை மூடினேன். தலையிடி. படலை திறந்த சத்தம் கேட்டு எழுந்து போனேன். ஒருவரும் இல்லை. காற்றுத்தான்.

செப். 5, சனி

இதை எங்கும் எழுதியதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

போட்டிக் கதைகள் புனைபெயரில் வந்தன. ஒன்றின் அடியில் "உவர்மண்" என்று இருந்தது. உப்பளத்தில் வேலைசெய்யும் ஒருவனும் அவன் பெண்சாதியும். நாலு பக்கம். தேர்வுக்குழுவில் இருந்த மூவரும் வேறு பேச்சில்லாமல் அதையே முதலாவது என்றார்கள். என்னுடைய "நிலவொழுகும் குளம்" இரண்டாவது. தாமரை, நிலா, காத்திருக்கும் பெண். இப்போது வாசித்தால் பல் கூசுகிறது.

பரிசளிப்பு சபாரத்தினம் மாஸ்ரரின் கிளிநொச்சி வீட்டு முற்றத்தில், பந்தல் போட்டு. நான் படலையடியில் மேசை போட்டு வரவு இடாப்பு எழுதிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் ஒருவர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேட்டு, புதிதாகத் தோய்த்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, "நான் கதிரன். ஆனையிறவிலையிருந்து வாறன். உவர்மண் எண்டு எழுதினது நான்தான்" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்க முடியாத சிரிப்பு.

நான் பேனையை எடுத்து "க" என்று எழுதினேன். அதற்குள் மாஸ்ரர் வந்துவிட்டார்.

"தேப்பன்ரை பேர் என்ன? எந்தப் பகுதி?"

அவர் சொன்னார். சாதியை மறைக்கவில்லை. மாஸ்ரரின் முகம் மாறியது. அப்படியானவர்கள் அந்த முற்றத்துக்கு வருவதென்றால் விறகு கொத்தவோ கிடுகு வேயவோதான்.

"ரீச்சர், நீங்கள் உள்ளை போங்கோ."

போனேன். கேள்வி கேட்கவில்லை. பிறகு மேடையில் மாஸ்ரர் அந்த வசனத்தைச் சொன்னார், சமுகமளிக்கவில்லை என்று. என் பெயரைக் கூப்பிட்டார். ஏறினேன். மேடையிலிருந்து பார்த்தால் படலை தெரியும். அவர் போகவில்லை. அங்கேயே நின்றார். எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார்.

இன்று இடாப்பை எடுத்துப் பார்த்தேன். ஆனி மாதப் பக்கம். பெயர்களுக்கு நடுவில் தனியே ஒரு "க". அதை வெட்டக்கூட இல்லை நான்.

படத்தையும் பார்த்தேன். நடுவில் நான், பரிசோடு. பின்னால் பந்தற்கால், வாழை, வேலி. வேலிக்கு அப்பால் ஒரு வெள்ளைப் புள்ளி. அக்காவின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். புள்ளி இல்லை. சேட்டு. முகமும் தெரிகிறது.

இத்தனை வருடமாக இந்தப் படம் மாஸ்ரரின் விறாந்தைச் சுவரில் தொங்கியது. எத்தனை கூட்டக் குறிப்பு அதற்குக் கீழே இருந்து எழுதியிருப்பேன்.

செப். 6, ஞாயிறு

அக்கா கோயிலுக்குப் போன பிறகு அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டு, சேலைகளுக்கு அடியில். ஆறு கடித உறை.

பரிசளிப்புக்குப் பிறகு மாதம் ஒன்றாக வந்தவை. மன்றச் செயலாளர் என்று என் முகவரிக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு கதை, ஒரு கடிதம். முதற் கடிதத்திலேயே விளங்கிவிட்டது, மாஸ்ரர் படலையில் அவருக்கு என்ன சொல்லி அனுப்பினார் என்று. "உங்கள் கதையே சிறந்தது என்று முடிவானதாகத் தலைவர் ஐயா சொன்னார். பத்திரிகையில் வந்தபோது வாசித்தேன். வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் கதையில் இருந்ததும் என் கதையில் இல்லாததும் எது என்று ஒரு வரி எழுதினால் திருத்திக்கொள்வேன்."

ஒரு வரி.

எழுதவில்லை. கதைகளை மன்றத்தில் வைக்கவும் இல்லை. வைத்தால் யார் என்று கேட்பார்கள். வாசித்தேன், முதல் ஐந்தையும். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக இருந்தது. அந்த மாதங்களில் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் அவருடைய வசனம் மாதிரி வந்தது.

மார்கழியில் வெள்ளம். தை மாதக் கூட்டத்தில் மாஸ்ரர் சொன்னார்: "உப்பளத்துப் பக்கம் கொட்டிலெல்லாம் அள்ளுப்பட்டுப் போட்டுதாம். உவர்மண்ணும் போயிருப்பான்." அன்று நான் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுதத்தான் வேண்டும். நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு கிழமை கழித்து ஆறாவது உறை வந்தது. வெள்ளத்துக்கு முன்னர் போட்டது, தபால் சுணங்கி வருகிறது என்று நினைத்தேன். செத்தவரின் கடிதம். திறக்கவில்லை. ஏழு வருடம்.

இன்று திறந்தேன்.

கதை வெள்ளத்தைப் பற்றியது. தண்ணீர் வடிந்த பிறகு உப்புப் பாத்திகளில் செத்த மாடுகள் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்ததை எழுதியிருக்கிறார். ஆக, வெள்ளத்துக்குப் பின் எழுதியது. அவர் சாகவில்லை.

கடிதம் சிறியது. "இதற்கும் பதில் வராவிட்டால் என்னிடம் எழுத ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். இனித் தொந்தரவு தரமாட்டேன்."

அதன் பிறகு கடிதம் இல்லை.

அக்கா வந்து விபூதி பூசிவிட்டாள். "என்ன, காய்ச்சலே? நெற்றி சுடுகுது."

செப். 8, செவ்வாய்

வெயில். இரண்டாம் பாடத்தில் யன்னலால் பார்த்தேன், பள்ளிக்கூட வேலியில் வெள்ளைச் சேட்டு. பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதல் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். யாரோ வேலியில் காயப்போட்ட சேட்டு. ஆள் இல்லை.

பின்னேரம் வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சி பஸ் எடுத்து மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன்.

"மாஸ்ரர், அந்தக் கதிரன் வெள்ளத்திலை சாகேல்லை."

"எந்தக் கதிரன்?"

மறக்கவில்லை அவர். தேத்தண்ணிக் கோப்பையை வைத்த விதத்தில் தெரிந்தது.

"வரலாற்றிலை அவரின்ரை பேரைப் போடப்போறன். முதற்பரிசு அவருக்கு எண்டு."

"ரீச்சர், நான் அவனை ஏசினனானோ? அடிச்சனானோ? ரீச்சரின்ரை கதைதான் திறமெண்டு முடிவாச்சு தம்பி, போயிட்டு வா எண்டு மரியாதையாச் சொல்லித்தானே அனுப்பினனான்."

"அது பொய்."

"மனம் நோகாமல் சொன்ன பொய். அவனைக் கதிரையிலை இருத்தியிருந்தால் வந்த சனத்திலை அரைவாசி எழும்பிப் போயிருக்கும். மன்றம் அண்டைக்கே முடிஞ்சிருக்கும். பத்து வருசம் எங்காலை வரும்?" பிறகு குரலைத் தாழ்த்தி: "பரிசை வாங்கினது நானில்லை, ரீச்சர்."

எழுந்து வந்துவிட்டேன். பஸ் இல்லை. பாதி வழி நடை. வாய்க்கால் ஓரம் யாரோ பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி. திரும்பிப் பார்க்கவில்லை.

முழங்கால் எண்ணெய் மறந்துபோனது. அக்காவிடம் பேச்சு வாங்கினேன்.

செப். 10, வியாழன்

வகுப்பேற்றப் பரீட்சை வினாத்தாள் முடித்தேன். வரலாறு ஒரு வரியும் நகரவில்லை. சனிக்கிழமை ஆனையிறவுக்குப் போவது. அக்காவிடம் சொன்னது: உப்பு வாங்க. "வீட்டிலை உப்பு இருக்குதுதானே?"

போய் என்ன சொல்வது? மூன்று விதமாக யோசித்தேன். மூன்றும் எழுத்து நடையில் வருகின்றன.

செப். 12, சனி

இறங்கினதும் கண் கூசியது. பாத்தி முழுக்க வெள்ளை, ஓரங்களில் உப்புக் குவியல், கிடுகால் மூடியபடி. காற்றில் உப்பு. உதடு எரிந்தது.

தேத்தண்ணிக் கடையில் கேட்டேன்: "கதிரன் வீடு எங்கை?" கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூரணத்தின்ரை வீட்டையோ? உந்தப் பனையடிக்குப் போங்கோ." கடைக்காரர் பெயரை மாற்றிச் சொன்னபோதே விளங்கியது, கதிரன் இல்லை, பெண்சாதிதான் இருக்கிறாள் என்று.

முப்பது வயதுப் பெண். பாதம் வெடித்து, வெடிப்பு முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வட்டக்கச்சி ரீச்சரோ?"

எப்படித் தெரியும் என்றேன்.

"பேப்பரிலை உங்கடை படம் வந்ததுதானே. அவர் வெட்டி வைச்சிருந்தவர். ஒருநாளைக்கு ரீச்சரிட்டையிருந்து கடிதம் வரும் எண்டு சொல்லுறவர்." கையால் கண்ணைத் துடைத்தாள். "கதையள் அனுப்பினவரெல்லே, உங்களுக்கு."

"எப்ப...?"

"போன வருசத்துக்கு முந்தின மாசி. நெருப்புக் காய்ச்சல். எட்டு நாள் கிடந்தவர்."

எழுதி வைத்துக்கொள்கிறேன்: ஐந்து வருடம் உயிரோடு இருந்திருக்கிறார். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் இல்லை.

ஒரு பலகையைத் துடைத்து எனக்குப் போட்டாள், தான் நிலத்தில். எனக்கு முதலில் நாக்கு "நீ" என்று போனது. திருத்தி "நீங்கள்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கடைக்கு ஓடி ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்தாள், மூடி திறக்காமல். தன் வீட்டுக் கோப்பையில் எங்களைப் போன்றவர்கள் குடிக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். சோடாவைக் குடித்தேன்.

கதைகளைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று உறைகளை நீட்டினேன், போட்டிக்கு வந்த கதையையும் சேர்த்து. அவள் வாங்கவில்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாது ரீச்சர். என்ன எழுதினவர் எண்டு ஒருநாளும் தெரியாது. கேட்டால் சிரிப்பார். வாசியுங்கோவன்."

போட்டிக் கதையை வாசித்தேன். உப்பளத்தால் வந்தவனின் காலைப் பெண்சாதி கழுவிவிடுகிறாள். கழுவின தண்ணீரை வீணாக்காமல் முற்றத்து முருங்கைக்கு ஊற்றுகிறாள். நாளுக்கு நாள் முருங்கை வாடுகிறது. அவள் பயந்து இன்னும் கூடத் தண்ணீர் ஊற்றுகிறாள். மரம் பட்டுப்போகிறது. கால் கழுவின தண்ணீரின் உப்புத்தான் என்று விளங்கியதும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்து முடிந்ததும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. அதோடு முடிகிறது.

பாதியிலேயே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, அது நான்தான். நான்தான் ஊத்தினனான். உதையோ எழுதினவர்! ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாரே!" சிரித்தாள். பிறகு முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவருடைய படம் ஒன்றும் இல்லை என்றாள். அப்போதுதான் அந்தப் பிழையைச் செய்தேன். பிழையோ தெரியாது. மன்றப் படத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வேலிக்கு அப்பாலிருந்த முகத்தைக் காட்டினேன். படத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"அவர்தான். நிக்கிற நிலை அவர்தான்." விரலால் தொட்டாள். பிறகு: "ஏன் ரீச்சர் வெளியிலை நிக்கிறார்?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். படத்தை அவளிடமே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மற்றக் கதைகளையும் வந்து வாசியுங்கோ என்று பின்னால் நின்று சொன்னாள். ஓம் என்றேன். ஓடாத குறை.

உப்பு வாங்கவில்லை. அக்கா என் வெறுங்கையைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

செப். 13, ஞாயிறு

செயற்குழு, மாஸ்ரர் வீட்டில். போவதற்கு முன் இரண்டாவது ஏட்டில், பழைய வசனத்துக்குக் கீழே எழுதினேன்: "மேற்படி குறிப்பு பொய். முதற்பரிசுக்குத் தெரிவான கதிரன் சமுகமளித்தார். உள்ளே விடப்படவில்லை. நான் கண்டேன்." கையொப்பம், இன்றைய திகதி. எழுத்து வடிவாக வரவில்லை.

கூட்டத்தில் வாசித்தேன். வந்திருந்தது ஆறு பேர். ஒருவர் விசிறிக்கொண்டே இருந்தார். தபாலதிபர் நிலத்தைப் பார்த்தார்.

"செத்த ஆளைத் தோண்டி என்ன காணப்போறம்?"

"அந்த நேரம் ரீச்சரும் பேசாமல்தானே இருந்தவா?"

"ஓம்" என்றேன். "பேசாமல்தான் இருந்தனான்."

மாஸ்ரர் ஏட்டை வாங்கினார். கோபிக்கவில்லை. மேசையில் அடிமட்டத்தை வைத்து, தாளை நேராகக் கிழித்து எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பழகின கை. ஒரு பிசிறு இல்லை. மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"வரலாற்றைத் தபாலதிபர் எழுதட்டும். ரீச்சருக்கு உடம்பு சரியில்லை."

பெட்டியை நாளைக்கு எடுக்க வருவார்களாம். இடாப்பைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அது இங்கே, என் சேலைகளுக்கு அடியில்.

வரும் வழியில்தான் விளங்கியது. அந்தத் தாளோடு என் பரிசும் போய்விட்டது. மன்ற வரலாற்றில் இனி அந்தப் போட்டியே நடக்கவில்லை. சுகமாக இருந்தது, கொஞ்ச நேரம்.

செப். 16, புதன்

பெட்டி போய்விட்டது. விறாந்தையில் அது இருந்த இடத்தில் புழுதி இல்லாத ஒரு சதுரம். அக்கா கூட்டிவிட்டாள்.

"நீ ஆனையிறவுக்கு உப்பு வாங்கப் போகேல்லை, என்ன?"

எல்லாம் சொன்னேன். முருங்கைக்காய் அரிந்துகொண்டே கேட்டாள். முடிவில்: "அந்தப் பெட்டைக்குச் சொல்லிப்போட்டியோ?"

இல்லை.

"அப்ப எனக்கென்னத்துக்குச் சொல்லுறாய்?"

செப். 19, சனி

மேகம். மழை வரும்போல், வரவில்லை. காலை பஸ்.

பூரணம் வேலைக்குப் போகாமல் இருந்தாள். என் வரவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சோடாவுக்கு எழுந்தவளை மறித்து, தேத்தண்ணி தாங்கோ என்றேன். யோசித்தாள். வைத்தாள். கறுப்புத் தேத்தண்ணி, பனங்கட்டியோடு. கோப்பையைக் கையில் தராமல் பலகையில் வைத்தாள். எடுத்துக் குடித்தேன். அவள் பார்க்காத மாதிரிப் பார்த்தாள்.

உறையை எடுக்காமல் சொல்லத் தொடங்கினேன். யோசித்து வைத்த மூன்று விதத்திலும் வரவில்லை.

"பூரணம், பரிசு அவருக்குத்தான் கிடைச்சிருக்கவேணும். அவரின்ரை கதைதான் முதலாவது. என்ரை கதை இல்லை."

"அவர் அப்பிடிச் சொல்லேல்லையே."

"அவருக்குப் பொய் சொல்லி அனுப்பினவை. வளவுக்குள்ளை விட ஏலாது எண்டு."

சுவரில் அந்தப் படம். ஆணியில்லை, ஓலையில் செருகியிருந்தாள். அதைப் பார்த்தாள். பிறகு என்னை.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும்."

"அவர் கடிதம் போடேக்கை?"

"தெரியும்."

"கடைசிக் கடிதத்துக்குப் பதில் வருமெண்டு ஒருகிழமையா றோட்டிலை போய்த் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிண்டவர்" என்றாள். குரல் உயரவில்லை. "பிறகு போறதை விட்டிட்டார். எழுதுறதையும். கொப்பியெல்லாம் அடுப்புக்கு எடு எண்டவர். நான் எடுக்கேல்லை, அவரே வைச்சார். அஞ்சு வருசம் ஒரு சொல்லு எழுதேல்லை. ஆரும் பேப்பர் வாசிச்சால் எழும்பிப் போயிடுவார். ஏனெண்டு கேட்டால், எனக்கு அது வராது பூரணம், விடு எண்டுவார்."

வெளியே யாரோ உப்புக் கூடையை இறக்கிய சத்தம்.

"எனக்கு அது வராது எண்டு நினைச்சுக்கொண்டுதான் செத்தவர், ரீச்சர்."

அவள் எழுந்து வாசலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தேத்தண்ணிக் கோப்பையில் ஈ. நான் உறைகளைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"நான் போறன், பூரணம்."

திரும்பாமலே சொன்னாள்.

"போறதெண்டால் வாசிச்சுப்போட்டுப் போங்கோ."

இருந்தேன். முதலாவது உறையை எடுத்து வாசித்தேன்.